கந்தகத்தின் அரைப்பிணைப்பு

அமிலாய்டு பீட்டா 42 என்ற பெப்டைடில் 203 கார்பன், 311 ஹைட்ரஜன், 55 நைட்ரஜன், 60 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. கந்தகம் ஒன்றே ஒன்று. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் திட்டுத்திட்டாகப் படியும் பொருளில் முதன்மையானது இந்தப் பெப்டைடுதான். 42 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 35-வது இடத்தில் இருக்கும் மெத்தியோனின் அந்த ஒற்றைக் கந்தகத்தைச் சுமக்கிறது. அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆலன் பட்டர்ஃபீல்டின் குழு, அந்த மெத்தியோனினை எடுத்துவிட்டு ஏறத்தாழ அதே நீளமும் வடிவமும் கொண்ட நார்லூசினை வைத்துப் பார்த்தது. கந்தகம் இருந்த இடத்தில் ஒரு கார்பன் வந்தது. மூலக்கூறின் மற்ற பகுதியில் மாற்றம் இல்லை. வளர்ப்பு நரம்பணுக்களில் இந்தப் பெப்டைடு உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சேதம் பெருமளவு நின்றுபோனது. 630 அணுக்களில் ஓர் அணு செய்த வேறுபாடு இது.

அல்சைமர் நோய்க்கு இதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த விவாதம் பெரியது, இன்னும் ஓயாதது. இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது: ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்த கந்தகம் அடுத்த சில மைக்ரோ நொடிகளில் என்ன செய்கிறது? நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறு மைக்ரோ நொடி. அந்த நேரத்துக்குள் நடந்து முடிவதை எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. ஆய்வகக் கருவி ஒரு நிறம் தோன்றி மறைவதைக் காட்டும், அவ்வளவுதான். அந்த நிறம் எந்த மூலக்கூறுடையது என்று சொல்லும் பொறுப்பு, கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் கணிப்பு வேதியியலிடம் வந்து சேர்கிறது. வேதியியல் கணிப்புகள் மிக எளிதாகத் தவறிப்போகும் இடங்களில் ஒன்றும் இதுவே. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில், ஏன் கந்தகம்? புரதங்களைக் கட்டும் வழக்கமான 20 அமினோ அமிலங்களில் கந்தகம் உள்ளவை மெத்தியோனினும் சிஸ்டீனும் மட்டுமே. தனிம வரிசை அட்டவணையில் கந்தகம் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருக்கிறது. அதன் வெளி எலக்ட்ரான்கள் மூன்றாம் கூட்டில், கருவிலிருந்து தள்ளி, தளர்வாக இருக்கின்றன. எலக்ட்ரான் பற்றாக்குறையோடு அலையும் எதுவும் முதலில் கைவைப்பது அங்கேதான். அப்படி அலைபவற்றில் மிகக் கடுமையானது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. இணை இல்லாத ஓர் எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுத் துண்டைத் தனி உறுப்பு என்கிறோம்; மருந்து விளம்பரங்கள் சொல்லும் ‘ஃப்ரீ ரேடிக்கல்’ இதுதான். கந்தகம் இல்லாத, மிக எளிய அமினோ அமிலமான கிளைசினோடு ஹைட்ராக்சில் வினைபுரியும் வேகமாறிலி, மோல்–லிட்டர்–நொடி அலகில், சுமார் 1 கோடியே 70 லட்சம். மெத்தியோனினோடு அது சுமார் 850 கோடி. ஏறத்தாழ 500 மடங்கு. 850 கோடி என்பது, நீரில் இரண்டு மூலக்கூறுகள் நீந்திவந்து மோதிக்கொள்ளும் வேகத்துக்கு நிகரானது. சந்தித்தால் போதும், வினை முடிந்தது.

உடல் இந்தப் பலவீனத்தையே காவலாகவும் பயன்படுத்துகிறது. 1996-இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ராட்னி லெவைன், ஏர்ல் ஸ்டாட்மேன் ஆகியோரின் குழு ஒரு கருத்தை முன்வைத்தது. புரதத்தின் மேற்பரப்பில் இருக்கும் மெத்தியோனின்கள் அடியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு உள்ளிருக்கும் வினைமையத்தைக் காக்கின்றன என்பது அது. அடிபட்ட மெத்தியோனின், சல்ஃபாக்சைடாக மாறுகிறது. அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மெத்தியோனின் சல்ஃபாக்சைடு ரிடக்டேஸ் என்ற நொதிகள் உயிரணுவில் இருக்கின்றன. ஆனால் எல்லா மெத்தியோனினும் அடிபட்டுச் சும்மா இருப்பதில்லை. நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் புரதத்தில் 358-வது இடத்து மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் புரதம் வேலை நிறுத்திவிடும். நுரையீரல் திசுவைக் கரைக்கும் எலாஸ்டேஸ் நொதிக்குக் கட்டுப்பாடு இல்லாமல் போகும். சிகரெட் புகை செய்யும் கேடுகளில் இதுவும் ஒன்று.

சல்ஃபாக்சைடு என்பது முடிவு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் நடப்பதே நமக்கு வேண்டியது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு முதலில் கந்தகத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது எதிர்மின் ஹைட்ராக்சைடாகக் கழன்று போகும்போது ஓர் எலக்ட்ரானையும் கொண்டுபோகிறது. மிஞ்சுவது நேர்மின்னேற்றம் கொண்ட, இணையற்ற ஓர் எலக்ட்ரான் உள்ள கந்தகம். இந்த நிலையில் அது தனித்து நிற்பதில்லை. பக்கத்தில் தனித்த எலக்ட்ரான் இணை வைத்திருக்கும் அணு எது என்று பார்த்து அதோடு பிணைந்துகொள்கிறது. அந்த அணு இன்னொரு மெத்தியோனினின் கந்தகமாக இருக்கலாம். அதே மூலக்கூறின் நைட்ரஜனாகவோ ஆக்சிஜனாகவோ இருக்கலாம்.

அப்படி உண்டாகும் பிணைப்பு, பள்ளிப் பாடத்தில் நாம் படித்த எந்தப் பிணைப்போடும் பொருந்தாது. வழக்கமான பிணைப்பில் இரண்டு அணுக்களுக்கு நடுவே இரண்டு எலக்ட்ரான்கள். இங்கே மூன்று. அவற்றில் இரண்டு, அணுக்களைச் சேர்த்து வைக்கும் பிணைப்பு ஆர்பிட்டாலில் அமர்கின்றன. அங்கே மூன்றாவதற்கு இடமில்லை. அது எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குப் போய், சேர்த்தவற்றைப் பிரிக்கப் பார்க்கிறது. இரண்டு சேர்க்க, ஒன்று பிரிக்க, மிஞ்சுவது அரைப் பிணைப்பு. இப்படி ஒரு பிணைப்பு இருக்க முடியும் என்று லைனஸ் பாலிங் 1931-லேயே எழுதிவிட்டார். டைமெத்தில் சல்ஃபைடு மூலக்கூறுகள் இரண்டு இவ்வாறு இணைந்தால், அவற்றைப் பிரிக்க மோலுக்கு 110 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். சாதாரண டைசல்ஃபைடு பிணைப்பின் வலிமையில் இது பாதிகூட இல்லை. நீளமும் அதற்கேற்பக் கூடுகிறது: டைசல்ஃபைடில் இரண்டு கந்தகங்களுக்கு இடையே 2.05 ஆங்ஸ்ட்ராம், இதில் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம்.

இந்தப் பிணைப்பைத் தண்ணீரில் பிடித்துக் காட்டியவர்களில் முன்னோடி கிளாஸ்-டீட்டர் ஆஸ்முஸ். 1970-களில் பெர்லினின் ஹான்–மைட்னர் நிறுவனத்தில் அவர் பயன்படுத்திய முறை பல்ஸ் ரேடியாலிசிஸ். முடுக்கியிலிருந்து மிகக் குறுகிய நேரத்துக்கு ஓர் எலக்ட்ரான் கற்றையைக் கரைசலுக்குள் செலுத்துவார்கள். தண்ணீர் சிதறி ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும் நீரால் சூழப்பட்ட எலக்ட்ரான்களும் பிறக்கும். கரைசலில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முன்பே கரைத்து வைத்திருந்தால் அந்த எலக்ட்ரான்களும் ஹைட்ராக்சிலாக மாறிவிடும். பிறகு கரைசலின் ஊடே ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு உட்கவரப்படுகிறது, எத்தனை மைக்ரோ நொடியில் அது மறைகிறது என்று பதிவு செய்வார்கள். மும்பை ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய கருவி உண்டு. கந்தகத்தின் மூன்று எலக்ட்ரான் பிணைப்புகளைப் பற்றிய நல்ல ஆய்வுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன.

மெத்தியோனின் கரைசலில் இரண்டு கந்தகங்கள் இணைந்த தனி உறுப்பு 480 நானோமீட்டர் அருகே ஒளியைக் கவர்கிறது. கந்தகமும் நைட்ரஜனும் இணைந்தது 390 அருகே. ஹைட்ராக்சில் ஒட்டிய நிலை 340 அருகே. கந்தகத்துக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் போய்விட்டால் 290 அருகே. எண்களாக எழுதும்போது இவை தனித்தனியாகத் தெரிகின்றன. கருவி வரையும் கோட்டில் ஒவ்வொன்றும் அகன்ற மேடாக எழுந்து அடுத்ததன் மேல் சரிந்து கிடக்கும். பெப்டைடுகளில் கந்தகம்–ஆக்சிஜன் இணைப்பும் சேர்ந்துகொண்டால் எது எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு.

பிரித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கந்தகம் யாரோடு சேர்கிறதோ அதைப் பொறுத்தே சேதத்தின் இடம் அமைகிறது. மெத்தியோனினின் கந்தகம் தன் மூலக்கூறின் அமினோ நைட்ரஜனோடு சேர்ந்தால் ஐந்து அணு வளையம் உண்டாகிறது. அந்த வளையம் உடையும்போது கார்பாக்சில் பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. 1981-இல் ஆஸ்முஸ் குழு விரிவாக அளந்து சொன்னது இது: நடுநிலைக் கரைசலில், தாக்கப்பட்ட மெத்தியோனின்களில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. எலக்ட்ரான் போனது கந்தகத்திடமிருந்து. அறுந்ததோ சில அணுக்கள் தள்ளியிருக்கும் கார்பன்–கார்பன் பிணைப்பு. கந்தகம் கடைசியில் எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. கந்தகத் தனி உறுப்புகளைப் படிக்கும்போது என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி இதுதான். அடி விழுந்த இடமும் முறிவு நேர்ந்த இடமும் வேறு வேறு. வார்சாவில் கிரிஸ்டோஃப் போப்ரோவ்ஸ்கியின் குழு இதை இன்னும் நீட்டிக் காட்டியது. மெத்தியோனினுக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்கும் இடையில் புரோலின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தை வரிசையாக நிறுத்திய பெப்டைடுகளில், கந்தகத்தில் பிறந்த எலக்ட்ரான் பற்றாக்குறை அந்தப் பாலத்தைக் கடந்து டைரோசினை அடைவதை அவர்கள் அளந்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கும் என்பதை ஷ்ரோடிங்கர் சமன்பாடு சொல்கிறது. பல எலக்ட்ரான்களுக்கு அதைத் துல்லியமாகத் தீர்க்க வழியில்லை; தோராய முறைகளின் துணை வேண்டும். மிக நம்பகமானது என்று வேதியியலர் கருதும் ஒரு முறை கப்பிள்டு கிளஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதில் மூலக்கூறின் அளவு இரண்டு மடங்கானால் கணக்கின் சுமை 128 மடங்காகிறது. ஒரு மெத்தியோனினுக்குச் சரி, பெப்டைடுக்குக் கட்டுப்படியாகாது. வால்டர் கோனும் கூட்டாளிகளும் 1964, 1965 ஆண்டுகளில் அமைத்துத் தந்த அடர்த்திச் சார்பகக் கோட்பாடு வேறு வழி காட்டியது. ஒவ்வோர் எலக்ட்ரானையும் பின்தொடர வேண்டாம், மொத்த எலக்ட்ரான் அடர்த்தி தெரிந்தால் ஆற்றலைச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். வேதியியலர் பேச்சில் அது டிஎஃப்டி. 1998-இல் கோனுக்கும், கணிப்பு வேதியியலை எல்லா ஆய்வகங்களுக்கும் கொண்டுபோன ஜான் போப்பிளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கோட்பாடு சரியானது. ஆனால் அடர்த்தியிலிருந்து ஆற்றலுக்குப் போகும் துல்லியமான சூத்திரம் யாருக்கும் தெரியாது. அதனால் வகைவகையான தோராயச் சூத்திரங்களை உருவாக்கினார்கள். இவற்றை ஃபங்ஷனல் என்பார்கள். 1990-களில் வந்த பி3எல்ஒய்பி அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. சாதாரணக் கரிம மூலக்கூறுகளுக்கு அது தரும் விடைகள் வியக்கத்தக்க அளவு நன்றாக இருந்தன. அதே நம்பிக்கையோடு அதைக் கந்தகத் தனி உறுப்புகளுக்கும் பலர் பயன்படுத்தினார்கள். அங்கே அது வழுக்கியது.

காரணம் அடிப்படையானது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் ஓர் எலக்ட்ரான் தன்னையே விலக்காது. தோராய ஃபங்ஷனல்களில் இந்த எளிய உண்மை முழுதாகக் காக்கப்படுவதில்லை. தன் நிழலைக் கண்டு தானே மிரண்டு விலகுவதுபோல, ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் அடர்த்தியின் ஒரு பகுதியையே அயலாக நினைத்து விலகுகிறது. விளைவு, எலக்ட்ரான்கள் தேவைக்கு மேல் பரந்து விரிகின்றன. இணையாக அமர்ந்த எலக்ட்ரான்களில் இந்தப் பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டு அணுக்களுக்கு நடுவே ஓர் எலக்ட்ரான் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று எலக்ட்ரான் பிணைப்பில் அது முழுதாக வெளிப்படுகிறது. எந்தக் கந்தகத்துக்கும் முழு மின்னேற்றம் இல்லாமல், பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் நிலையை ஃபங்ஷனல் அளவுக்கு மீறிச் சாதகமாக மதிப்பிடுகிறது. 1998-இல் பெனுவா பிரைடா, ஃபிலிப் ஹிபெர்ட்டி, ஆந்த்ரேயாஸ் சாவின் மூவரும் இதை ஒரு முறையான தோல்வி என்றே வெளிப்படையாக எழுதினார்கள். அக்காலத்தில் வழக்கத்தில் இருந்த ஃபங்ஷனல்கள் மூன்று எலக்ட்ரான் பிணைப்புகளின் வலிமையைக் கூட்டியே சொல்கின்றன என்று பல மூலக்கூறுகளில் நிறுவினார்கள்.

பழைய ஹார்ட்ரீ–ஃபாக் முறையில் தன்னைத்தானே விலக்கும் பிழை இல்லை. ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றன் அசைவுக்கேற்ப மற்றொன்று ஒதுங்குவதை அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அது இதே பிணைப்பை மிகவும் குறைத்துச் சொல்லும். ஒன்று கூட்டிச் சொல்கிறது, மற்றொன்று குறைத்துச் சொல்கிறது. பி3எல்ஒய்பியில் ஹார்ட்ரீ–ஃபாக் பங்கு 20 விழுக்காடு. அதைச் சரிபாதியாக உயர்த்திய பிஹெச்ஹெச்எல்ஒய்பி, கந்தகத்தின் அரைப் பிணைப்புகளுக்கு ஏற்கத்தக்க விடை தருகிறது. இது நல்ல செய்திதான், ஆனாலும் எனக்கு முழு நிறைவு இல்லை. இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்து ஒன்றையொன்று ஈடு செய்வதால் வரும் விடை, அடுத்த மூலக்கூறிலும் அப்படியே ஈடாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எலக்ட்ரான்களுக்கு இடையிலான தொலைவைப் பொறுத்து இந்தப் பங்கைக் கூட்டிக் குறைக்கும் புதிய ஃபங்ஷனல்கள் இன்னும் ஒழுங்கானவை. சிறிய மாதிரி மூலக்கூறில் கப்பிள்டு கிளஸ்டர் விடையோடு ஒப்பிட்டுத் தேறிய ஃபங்ஷனலைத்தான் பெரிய பெப்டைடுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த சிக்கல் தண்ணீர். வெற்றிடத்தில் மெத்தியோனின் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு. நீரில் அதன் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். வெற்றிடத்தில் போட்ட கணக்கை அப்படியே கரைசலுக்குச் சொல்ல முடியாது. கரைப்பானை மூலக்கூறுகளாகப் பார்க்காமல், மின்புலத்துக்கு ஈடுகொடுக்கும் ஒரு தொடர்ச்சியான ஊடகமாக வைக்கும் முறையை 1981-இல் இத்தாலியின் பீசாவில் ஜாக்கொப்போ தொமாசியின் குழு தந்தது. பல கணக்குகளுக்கு அது போதும். ஆனால் எலக்ட்ரான் இழந்த கந்தகத்தின் அருகே ஒரு நீர் மூலக்கூறு வந்து அதன் ஆக்சிஜனே பிணைப்பில் பங்கெடுக்கப் பார்க்கும்போது, ஊடகம் என்ற கற்பனை உதவாது. அருகிலுள்ள சில நீர் மூலக்கூறுகளையாவது அணு அணுவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெப்டைடும் ஓய்வாக இருப்பதில்லை. முறுகியும் விரிந்தும் அசைகிறது. கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தொலைவு சற்று மாறினாலும் உட்கவரும் அலைநீளம் நகரும். ஒரே ஒரு வடிவத்துக்குக் கணக்கிட்ட நிறத்தை அளந்த நிறத்தோடு ஒப்பிடுவது சரியாகாது. அசைவின் பல நிலைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டுச் சேர்த்தால்தான் அந்த அகன்ற மேடு கிடைக்கும்.

கணக்கும் அளவீடும் கைகோத்து வந்த இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, மெத்தியோனினின் இரண்டு முனைகளையும் அமைடாக மூடிய சிறு மூலக்கூறு. ஒரு புரதச் சங்கிலியின் நடுவே மெத்தியோனின் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட மாதிரி இது. 2000-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஷோனைஷ், போப்ரோவ்ஸ்கி, நோட்ர டாம் கதிர்வீச்சு ஆய்வகத்தின் கார்டன் ஹக் முதலியோர், இதில் கந்தகம் அமைடின் ஆக்சிஜனோடு பிணைவதைக் காட்டினார்கள். தனி அமினோ முனை இல்லாதபோதும் கந்தகத்துக்குத் துணை கிடைக்கிறது. ஒவ்வொரு புரதத்தின் முதுகெலும்பிலும் வரிசையாக இருக்கும் கார்பனைல் ஆக்சிஜனே அந்தத் துணை.

அமிலாய்டு பீட்டாவுக்கு இது ஏன் முக்கியம்? மெத்தியோனினிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 1.5 வோல்ட் தேவை. பெப்டைடோடு ஒட்டியிருக்கும் செம்பு அயனியின் மின்னழுத்தம் 1 வோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்தால், செம்பு நேரடியாகக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் என்ற பேச்சே எழக்கூடாது. ஆனால் பெப்டைடு சுருளாக இருக்கையில் 31-வது இடத்து ஐசோலூசினின் கார்பனைல் ஆக்சிஜன் 35-வது இடத்துக் கந்தகத்துக்கு அருகே வருகிறது. எலக்ட்ரான் போகும் கணத்திலேயே பிணைய ஓர் ஆக்சிஜன் பக்கத்தில் தயாராக இருந்தால், எலக்ட்ரானை இழப்பது எளிதாகிறது. எவ்வளவு எளிதாகிறது என்பதைச் சொல்ல வேண்டியது கணக்கு. பிணைப்பின் வலிமையைக் கூட்டிச் சொல்லும் ஃபங்ஷனலை இங்கே பயன்படுத்தினால், செம்பால் முடியாததை முடியும் என்று அது காட்டிவிடும் ஆபத்து உண்டு. ஒரு நோயைப் பற்றிய கருதுகோளே அந்தப் பிழையின் மேல் எழுந்து நிற்கக்கூடும். அதனால்தான் ஃபங்ஷனல் தேர்வை வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஆர்வி ராக், அதே 2000-இல் வேறொரு வழியைக் கணக்கிட்டார். எலக்ட்ரான் இழந்த கந்தகம், பக்கத்துச் சங்கிலியின் கிளைசினில் உள்ள ஆல்ஃபா கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா? ஹைட்ரஜன் போன பிறகு கார்பனில் மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரானை ஒரு பக்கம் நைட்ரஜனும் மறுபக்கம் கார்பனைலும் பகிர்ந்துகொண்டால் அந்தத் தனி உறுப்பு நிலைபெறும். பகிர வேண்டுமானால் மூன்றும் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைய வேண்டும். அமைய முடியுமா என்பதைச் சங்கிலியின் திருப்பக் கோணங்கள் தீர்மானிக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தின் இரண்டு கோணங்கள்தான் இவை. அந்த வரைபடத்தில் பீட்டா தகடு அமரும் பகுதியில் சங்கிலி விரிந்திருக்கிறது. தனி உறுப்பு தட்டையாக அமர இடம் உண்டு, ஹைட்ரஜனைப் பிடுங்குவது எளிது. ஆல்ஃபா சுருள் அமரும் பகுதியில் முறுக்கம் விடாது, பிணைப்பு உறுதியாக நிற்கிறது. சுருளாக இருந்த அமிலாய்டு பீட்டா தகடாக மாறித் திரளும்போதுதான் தீங்கு செய்கிறது என்ற பொதுவான கருத்தோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. புரதத்தின் வடிவமே அதன் பிணைப்புகளின் வலிமையை மாற்றும் என்று எண்களோடு காட்டியதற்காகவே இந்த ஆய்வை மதிக்கிறேன்.

சிஸ்டீனின் வேதியியல் வேறு. அதன் கந்தகத்தில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அது போனால் தயில் தனி உறுப்பு மிஞ்சும். கந்தகம்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 365 கிலோஜூல் வேண்டும். பெப்டைடின் ஆல்ஃபா கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 350-ஐ ஒட்டியது. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஹைட்ரஜன் இரு திசையிலும் போய்வர முடிகிறது. தயில், சங்கிலியின் கார்பனிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கும். சற்றுக் கழித்துத் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுக்கும்போது தட்டையான கார்பனின் மறுபக்கத்தில் வைத்துவிட்டால், இடக்கை அமினோ அமிலம் வலக்கையாகிவிடுகிறது. எடையில் மாற்றம் இல்லாததால் நிறைமாலைமானியில் எளிதாக அகப்படாத சேதம் இது. ஷோனைஷ் இந்தப் போக்குவரத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர். இங்கே 15 கிலோஜூல் வேறுபாடே முடிவைத் தீர்மானிப்பதால், 20 கிலோஜூல் பிழை செய்யும் கணக்கால் பயனே இல்லை.

உயிரணு இந்த ஆபத்தான தனி உறுப்பை வேலைக்கும் வைத்திருக்கிறது. ஆர்என்ஏவின் கட்டுக்கற்களை டிஎன்ஏவின் கட்டுக்கற்களாக மாற்றும் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதி, அந்த மாற்றத்தைச் சிஸ்டீனின் தயில் தனி உறுப்பைக் கொண்டே தொடங்குகிறது. எஷரிஷியா கோலி பாக்டீரியாவில் அது 439-வது சிஸ்டீன். தனி உறுப்பு முதலில் பிறப்பது 122-வது டைரோசினில், சுமார் 35 ஆங்ஸ்ட்ராம் தள்ளி. அங்கிருந்து படிப்படியாகக் கைமாறி வருவதை எம்ஐடியின் ஜோஆன் ஸ்டப் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்து விளக்கினார். சிஸ்டீன் தொடங்கிவைக்கும் வினையின் படிகளை ஸ்டாக்ஹோமின் பெர் சீக்பான் 1998-இல் டிஎஃப்டி கொண்டு கணக்கிட்டார்.

மருந்துத் தொழிலுக்கும் இதில் அக்கறை உண்டு. புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் தரும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகள் பலவற்றில் 252-வது, 428-வது மெத்தியோனின்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மருந்து இரத்தத்தில் தங்கும் காலம் குறைகிறது. குப்பியில் சேர்க்கும் பாலிசார்பேட்டிலுள்ள பெராக்சைடுகள், ஒளி, உலோகத் தூசு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். பெராக்சைடு செய்வது இரண்டு எலக்ட்ரான் மாற்றம். அதில் தனி உறுப்பு இல்லை. அந்த வகையில் எந்த மெத்தியோனின் முதலில் பாதிக்கப்படும் என்பதை, கந்தகத்தைச் சுற்றிச் சராசரியாக எத்தனை நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கணினியில் எண்ணியே ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. எம்ஐடியின் பெர்னார்ட் ட்ரவுட் குழு 2004 வாக்கில் இதைச் செய்துகாட்டியது. ஒளியும் உலோகமும் தொடங்கிவைக்கும் ஒற்றை எலக்ட்ரான் வழிக்கு அவ்வளவு எளிய அளவுகோல் போதாது. அங்கே கந்தகத்தின் அண்டை அணுக்கள், அவற்றின் அசைவு, அரைப் பிணைப்பின் வலிமை எல்லாம் சேர்ந்தே கணக்கில் வர வேண்டும்.

வேதியியல் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிகளில் ஆய்வேட்டுக்குக் கணக்குப் போடும்போது பி3எல்ஒய்பியை எடுத்துக்கொள்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. தனி உறுப்பு எதையும் தொடும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஓர்கா மென்பொருள் கல்விப் பயனுக்கு இலவசம். சை4 எல்லாருக்கும் திறந்த மென்பொருள். இரண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறுகளை எதிரெதிரே வைத்து, மொத்தத்துக்கு ஒரு நேர்மின்னேற்றம் கொடுத்து, கந்தகங்களுக்கு இடையிலான தொலைவை 2.8-லிருந்து 8 ஆங்ஸ்ட்ராம் வரை படிப்படியாக நீட்டுங்கள். ஒவ்வொரு தொலைவிலும் ஆற்றலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடையும், எலக்ட்ரான் இழந்த மற்றொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள். தொலைவு கூடக்கூட முதல் கணக்கு இந்தக் கூட்டுத்தொகையை நெருங்க வேண்டும். பி3எல்ஒய்பியில் அது நெருங்காது, கீழே போய் நிற்கும். ஹார்ட்ரீ–ஃபாக் பங்கைப் பாதியாக்கிய ஃபங்ஷனலில் அந்தப் பிழை வெகுவாகக் குறையும். சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களில் முடியும் வேலை இது. இந்த ஒரு வரைபடத்தை வரைந்து பார்த்த பிறகு உங்கள் ஃபங்ஷனலைத் தேர்ந்தெடுங்கள். எதற்காகத் தேர்ந்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள்.